மூடினவன் ஏறணும்

டில்லிபாபுவுக்குப் பிளாஸ்டிக் என்றால் ஆகவே ஆகாது. மனைவி குப்பம்மா ஆசையாய் வாங்கி வந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இத்துல உக்காந்தா மன்சனுக்கு மருவாத கீதா?" என்று கேட்டவர், கடைசிவரை அதில் உட்காரவில்லை. ஷெட்டு வாசலில் கவிழ்த்துப் போட்ட டீசல் பீப்பாய்தான் அவருடைய சிம்மாசனம். அங்கே உட்கார்ந்துகொண்டு உலகத்தில் பாதிப் பேரைக் கேவலமாகப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஏசி போட்ட மெக்கானிக் கடைக்காரன், கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவன், வேலை முடிந்தும் கையில் அழுக்கில்லாத ஃபிட்டர் என்று ஒருவரையும் விட மாட்டார். எல்லாரையும்விடக் கேவலம், அவர் கணக்கில், சொல்வதைக் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டுகிற முதலாளி.

ஆள் காசிமேட்டுக்காரர். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பதினாலு வயதில் அப்பா விசைப்படகில் ஏற்றிவிட்டார். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள், நின்றபாடில்லை. "வாந்தி ராஜா" என்று குப்பமே பேர் வைத்துச் சிரித்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு ஒரு இஞ்சின் ஃபிட்டரிடம் கொண்டுபோய் விட்டார். கரையிலேயே பிழைக்கட்டும் சனியன் என்று நினைத்தார் பாவம். ஃபிட்டர்களுக்கு ஒரு சட்டம் இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

அந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைத்ததில்லை. இஞ்சினைப் பிரித்து மூடினவன், அந்தப் படகின் முதல் ஓட்டத்தில் கூடவே ஏற வேண்டும். இஞ்சின் பெட்டி மேல் உட்கார வேண்டும். நடுக்கடலில் இஞ்சின் நின்று போனால் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக அவனும் கிடக்க வேண்டும். "மூடினவன் ஏறணும்" என்பார்கள். அதுதான் கேரண்டி. வாந்தி ராஜாவும் முப்பது வருஷமாக ஏறினார். பக்கத்தில் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு, ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மறு கையை வெளியே நீட்டி இஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வருகிற தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார். சூடு சரியா என்று உள்ளங்கை சொல்லிவிடும். மீட்டர், கீட்டர் எல்லாம் கரைக்காரன் வேடிக்கை.

முப்பது வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் ஏறவில்லை. ஒரு படகுக்காரர் இஞ்சின் மூடி ஒழுகாமல் இருக்க வைக்கிற கேஸ்கட்டில் பிய்ந்துபோன பழசையே போடச் சொல்லி அடம்பிடித்தார். டில்லிபாபு போட்டார், மூடினார், கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. படகில் ஏறியிருந்த எட்டுப் பேரும் அரிசி, ஐஸ், குழம்புச் சட்டி சகிதம் இறங்கி வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே புதுக் கேஸ்கட் வந்தது.

சுனாமி வந்த மறு வருஷம் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. இஞ்சின் இஞ்சினாக மணல். பிரித்து, கழுவி, மூடி, ஏறி, வாந்தி எடுத்துக் கரைக்கு வந்தால் அடுத்த படகு நிற்கும். அந்த மணலெல்லாம் ஒருவழியாகத் தீர்ந்த நேரத்தில்தான் ஷெட்டுக்கு ஆபத்து வந்தது. திருவொற்றியூர் போகிற கடற்கரை ரோட்டோரம், இருபத்திரண்டு வருஷமாக நின்ற தகர ஷெட்டு. அது நின்ற மனையைத் தாமோதரன் என்கிற துறைமுகச் சரக்கு கிளியரிங் ஏஜெண்ட் வாங்கிவிட்டார். கன்டெய்னர் அடுக்கி வைக்க அவருக்கு இடம் வேண்டுமாம். மாசக் கடைசிக்குள் காலி பண்ணு என்று சீட்டு வந்தது.

எங்கே போவது? படகு இஞ்சின் பார்க்கிறவனுக்குத் துறைமுகம் கண்ணில் படுகிற தூரத்தில் ஷெட்டு வேண்டும். முக்கால் டன் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு எவன் ஊர் தாண்டி வருவான்? "மாதவரத்துல ஒரு எடம் கீதாம்" என்று குப்பம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "மாதவரத்துல போயி லாரி கயுவ சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார். ஷெட்டு போனால் தன் தொழிலே போச்சு என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

அப்படி இருக்கிறபோதுதான், ஒரு வியாழக்கிழமை காலையில், மீன் டெம்போவின் பின்னால் கயிறு கட்டி இழுத்தபடி ஒரு கார் வந்தது.

காரா அது! வெள்ளிக் கலர், தரையோடு ஒட்டின உடம்பு, இரண்டே சீட்டு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். பின்னாலேயே கைக்குட்டையால் மூக்கை மூடியபடி இறங்கினார் தாமோதரன். மீன் வாடை ஆகவில்லை. கிண்டிப் பக்கம் கண்ணாடி போட்ட கம்பெனி ஷெட்டில் போன் போட்டுக் கேட்டால், தண்ணீர்க் குழாய்தான் போயிருக்கும், அது வெளிநாட்டில் இருந்து வர வேண்டும், ஆறு வாரம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இவரைப் போல இருபது பேர், இதே மாதிரிக் கார்களில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி வரைக்கும் ஊர்வலம் போகிறார்கள். இவர்தான் முன்னால் போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய டிரைவர் ரஷீதுதான், காசிமேட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்று சொல்லி இங்கே இழுத்து வந்திருந்தான்.

"ஏம்பா, இதெல்லாம் நீ பார்ப்பியா? சூப்பர்சார்ஜர் வண்டி. நானூறு குதிரை சக்தி. போட் இல்ல" என்றார் தாமோதரன்.

"தொறந்தா தெரியுது சார்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வச்சிடு. உன் ஷெட்டு இருக்கிற மூலையை விட்டுட்டு நான் சுவர் எடுத்துக்கறேன். என் வார்த்தை."

டில்லிபாபு அவர் முகத்தைப் பார்த்தார். துறைமுகத்தில் வாய் வார்த்தையில்தான் ஐஸும் டீசலும் இஞ்சினும் கை மாறுகின்றன. வார்த்தை என்றால் வார்த்தைதான். இந்த ஒரு இடத்தில்தான் அந்தக் கெட்டிக்காரர் கோட்டை விட்டார்.

"செரி சார். ஆனா ஒண்ணு. முடிச்சதும் மொத ஓட்டத்துல நான் கூட ஏறுவேன். அதான் வயக்கம்."

தாமோதரன் அவருடைய லுங்கியைப் பார்த்தார். சீட்டின் பால்வெள்ளைத் தோலைப் பார்த்தார். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பானெட்டைத் திறந்து, மேலே கிடந்த அலங்கார மூடிகளை எல்லாம் கழற்றி எறிந்தார் டில்லிபாபு. மேலோட்டமாகப் பார்த்தால் ஒழுகுகிற இடமே தெரியவில்லை. இஞ்சின் நடுப் பள்ளத்தில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருந்தது. காற்றை அடக்கி உள்ளே தள்ளுகிற பெட்டி. டில்லிபாபு அதை ப்ளோயர் என்பார், பழைய பெரிய படகு இஞ்சின்களில் பார்த்திருக்கிறார். அதைத் தூக்கினால்தான் அடியில் இருக்கிறது தெரியும். மத்தியானம் வரை போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி, ரஷீது ஒரு பக்கம் பிடிக்க, தூக்கினார். அடியில் கிளை பிரிந்த தண்ணீர்க் குழாய் ஒன்று. முழுக்கப் பிளாஸ்டிக்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பீப்பாய் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"தா, பாரு பாய்! நானூறு குதிர! அத்தினி குதிரைக்கும் தண்ணி காட்ட பொம்மக் குழா வெச்சிகீறான்!" என்று ரஷீதிடம் காட்டினார். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டின குழாய். மேலே ப்ளோயர் சூடு, கீழே இஞ்சின் சூடு, நடுவில் வெந்து வெந்து நிறம் மாறி, ஒட்டின இடம் தையல் பிரிந்த மாதிரி விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நகத்தால் சுண்டினார். ஓரம் ஒன்று அப்பளம் மாதிரி உடைந்து கையோடு வந்தது. "இந்தக் கஸ்மாலத்தயா ஒருத்தன் படிச்சிட்டு வந்து வரைஞ்சான்? எங்க ஊட்டு பாத்ரூம்ல போட்டாக்கூட குப்பம்மா வெளக்கமாத்த எடுப்பா."

சோறு கொண்டு வந்த குப்பம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று தெலுங்குப் பழமொழி சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள். பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. இஞ்சினில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாத அந்தக் காருக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் பேசிவிட முடியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க டில்லிபாபு யாரோடும் சண்டை போடவில்லை. அதிசயம்தான். உடைத்த கப்பலில் இருந்து வந்த செம்புக் குழாய்த் துண்டுகளை மூலையில் இருந்து பொறுக்கினார். கடற்கரை மணலை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி, தகரத்தில் கொட்டி வறுத்தார். ஈரம் இருந்தால் சூட்டில் குழாய் வெடிக்கும். வறுத்த மணலைக் குழாய்க்குள் இறுக்கி நிரப்பி, இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து, நெருப்பில் சிவக்கக் காட்டி வளைத்தார். உள்ளே மணல் இருப்பதால் குழாய் நசுங்காமல் வளைந்து கொடுத்தது. பிளாஸ்டிக் குழாயைப் பக்கத்தில் வைத்து, அளவு பார்த்துப் பார்த்து, கிளைக் குழாயைப் பித்தளையில் பற்றவைத்தார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒரு குமிழி வரவில்லை. அந்தக் குழாயைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஷெட்டு தப்பித்தது என்று நினைத்தார்.

சாயங்காலம் தாமோதரன் வந்தார். கைக்குட்டை மூக்கில், போன் காதில்.

"என்னப்பா இது? அண்டா மாதிரி இருக்கு? ஒரிஜினல் மாதிரியே இல்லையே."

"உள்ள கீற சாமானு சார். எவன் கண்ணுக்கும் தெரியாது. இஞ்சினே போனாலும் இது போவாது."

"வண்டியைத் திறந்து காட்டச் சொல்லுவாங்கப்பா... ஹலோ, ஆமா, நான்தான் லீடு..." என்று பேசிக்கொண்டே போய்விட்டார். ரஷீது ஓட்டி வந்த இன்னொரு காரில் இருந்து, "ஷெட்டு உன்னுதுதான், கவலைப்படாதே" என்று கையை மட்டும் வெளியே ஆட்டினார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் குழாய் ஏறி, ப்ளோயர் உட்கார்ந்து, இஞ்சின் ஓடிவிட்டது. டில்லிபாபு ரப்பர் ஹோஸில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சூடு சரி. ஒழுக்கு இல்லை. அப்போதுதான் ரஷீது வந்து பக்கத்தில் நின்றான்.

"மாமு, தப்பா நென்சிக்காத. ஷெட்டுக்குப் பின்னாடி போயி பாரு."

"இன்னாத்துக்கு?"

"போயி பாரு மாமு. அப்பால பேசலாம்."

போய்ப் பார்த்தார். ஷெட்டின் பின்பக்கத் தகரத்தில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி. தரையிலும் சுண்ணாம்புக் கோடு, மனை எல்லையை ஒட்டி நேராக ஓடியது. மூலையை விட்டு வளையவே இல்லை.

"நேத்து நைட்டு... இல்ல, நேத்து சாய்ந்தரம் உன்னாண்ட பேசிட்டு நேரா பொக்லைன்காரன்கிட்டதான் போனாரு. நான்தான் வண்டி ஓட்டிகினு போனேன். திங்கக்கெயம காலைல ஏயு மணிக்கு ஷெட்ட இடிக்க வர சொல்லிட்டாரு. 'அந்த ஆளு ஞாயித்துக்கெயம வரைக்கும் நம்பிகினு இருக்கட்டும்'னு சிரிச்சாரு மாமு. அவர உன்னாண்ட கூட்டியாந்து உட்டது நான்தானே. எனக்கு சோறு எறங்கல."

டில்லிபாபு அந்தச் சுண்ணாம்பை விரலால் தேய்த்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம். சுனாமித் தண்ணீரே வாசல் வரை வந்து ஷெட்டைத் தொடாமல் திரும்பியது. கைக்குட்டை பிடித்த ஒரு ஆள் ஒரு வாளிச் சுண்ணாம்பில் கதையை முடித்துவிட்டான். அவனை விடத் தன் மேல்தான் அவருக்கு அசிங்கமாக இருந்தது. தட்டிப் பார்த்தாலே பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்கிறவன், இந்த வாயைத் தட்டிப் பார்க்காமல் விட்டுவிட்டோமே!

குப்பம்மாவுக்குச் சேதி தெரிந்ததும் ஆடித் தீர்த்தாள். "நம்ப வெச்சி கய்த்தறுத்தான் பாரு சோமாறி! யோவ், நின்னுகினு கீறியே, ரெண்டு கை மண்ண அள்ளி இஞ்சின்ல போடுய்யா!"

"இஞ்சின் இன்னாடி பண்ணிச்சி?" என்றார் டில்லிபாபு. குரல் ஏறவே இல்லை. "என் கையால ஒண்ண கெடுக்க மாட்டேன். அவன் கொண்டாந்தது அவனுக்கு. என்னுது எனக்கு. பாய், ஸ்பேனர எடு."

மறுபடி ப்ளோயர் மேலே வந்தது. செம்புக் குழாயைக் கழற்றித் துடைத்துப் பழந்துணியில் சுற்றி வைத்தார். அந்தப் பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். உடைந்து விழுந்த ஓரத்தை டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார், அதையும் எடுத்தார். பிசைந்து ஒட்டுகிற பசையால் விரிசலை மூடி, காயவைத்து, மாட்டினார். பிளாஸ்டிக்கைத் தொட்ட கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பொழுது சாய்கிறதற்குள் எல்லாம் மூடியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை தாமோதரன் வந்தார். வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி, கையில் விரல் தெரிகிற உறை. மீன் இறங்கி முடிந்த நேரம். வலை பின்னுகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், டீக்கடையில் நிற்கிறவர்கள் என்று நாற்பது பேராவது வேடிக்கை பார்த்தார்கள்.

டில்லிபாபு எதிரே போய் நின்றார். ஒளிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

"சார், ஒயுங்கா கேட்டுக்க. செம்புக் குழாய கயட்டிட்டேன். உன்னோட பைப்பே போட்டுகீறேன்."

"ஒரிஜினலே போட்டுட்டியா? வெரிகுட்! அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்."

"ஒட்ன பைப்பு சார். அடையாறு தாண்டாது. நல்லாப் போட்ட பைப்ப ஏன் கயட்டினேன்னு உனக்கே தெரியும். சுண்ணாம்ப பாத்துட்டேன்."

"ம், ம், சரி... ஹலோ? கிளம்பிட்டேன், திருவான்மியூர்ல நில்லுங்க, பத்து நிமிஷம்..." தாமோதரனின் தலை ஆடியது. காது போனில் இருந்தது. பேசி முடித்ததும் தாராள மனசு பொங்கிவிட்டது போல. பக்கத்து சீட்டில் நேற்றைய செய்தித்தாளை விரித்துத் தட்டிக் காட்டினார். "இந்தா, பேப்பர் போட்டாச்சு. கூட வரணும்னு சொன்னியே, ஏறு. ரஷீது ஓட்டட்டும், நான் திருவான்மியூர்ல மாறிக்கறேன்... இல்ல, ரெண்டு சீட்டுதான் இல்ல? சரி, நானே ஓட்டறேன். ஏறு."

"நான் ஏறல சார்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவனின் கை அப்படியே நின்றது. வலைக்காரர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள். யாரோ "அட கடவுளே" என்றார்கள். காசிமேட்டில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட அந்த மூன்று வார்த்தைக்கு அர்த்தம் தெரியும். டில்லிபாபு மூடின இஞ்சினில் டில்லிபாபு ஏறவில்லை.

தாமோதரனுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. சீட்டு அழுக்காகாமல் தப்பித்ததே! "அப்ப ரஷீது, நீ ஏறு."

ரஷீது வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சார், காலைலேர்ந்து வயிறு செரியில்ல சார். நீங்க போங்க சார்." டீக்கடையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நானூறு குதிரையும் ஒரு கனைப்புக் கனைத்துக்கொண்டு பறந்தன. டில்லிபாபு அதைப் பார்க்கக்கூட இல்லை. அன்று பூராவும் ஷெட்டைக் காலி பண்ணினார். வைஸ், செயின் பிளாக், ஸ்பேனர் பெட்டி, டீசல் பீப்பாய் எல்லாவற்றையும் வலைக்காரர்கள் தோள் கொடுத்துக் குப்பம்மா கருவாடு காயவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மேலே கூரை இல்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று குப்பம்மா கேட்டாள். அவர் பழைய தார்ப்பாய் ஒன்றை எடுத்து ஸ்பேனர் பெட்டி மேல் போர்த்தினார்.

கார் அடையாறு பாலத்திலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்த பேருந்துக்காரர்கள் வாழ்த்துப் பாடியிருப்பார்கள். இருபது பேரும் திருவான்மியூரில் காத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். கிண்டியில் கேட்டால் மறுபடி ஆறு வாரம் என்ற பாட்டு. அந்த ராத்திரி பூராவும் யோசித்த பிறகு, செம்புக் குழாய்தான் வழி என்று தாமோதரனுக்குப் புத்தி வந்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணி தாண்டிப் பொக்லைன்காரனுக்குப் போன் போட்டு, அந்த மூலையைத் தொடாதே என்று கத்தினார். பொக்லைன் இரைச்சலில் அவன் காதில் விழவில்லை.

பதினொரு மணிக்குக் கார் அதே மீன் டெம்போவின் பின்னால் கயிற்றில் வந்தது. பின்னாலேயே டாக்சியில் தாமோதரன். இந்தத் தடவை கைக்குட்டை எடுக்க மறந்துவிட்டார்.

"டில்லிபாபு! அந்தச் செம்புக் குழாயையே போட்டுடுப்பா. அண்டாவா இருந்தாலும் பரவாயில்லை. ஷெட்டு உன்னுதுதான், எழுதியே தர்றேன். வண்டியைச் சீக்கிரம் பாரு."

கையில் துணிச்சுருளோடு படகுத் துறைக்குப் போய்க்கொண்டிருந்த டில்லிபாபு நின்றார்.

"பாத்துடலாம் சார். ஷெட்டுக்குள்ள தள்ளு."

தாமோதரன் திரும்பினார். மட்டமாக்கின மண்ணும், ஓரத்தில் நசுங்கிய தகரக் குவியலும், பொக்லைன் சங்கிலித் தடமும்தான் இருந்தன. காரை அங்கே இழுத்து வந்த டெம்போக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான்.

டில்லிபாபுவும் அந்த மண்ணைப் பார்த்தார். சிரிக்க வேண்டும் என்று நினைத்தவருக்கு அழுகைதான் வந்தது. அதை இந்த ஆள் முன்னால் காட்டுவதா என்று விறுவிறுவென்று துறைக்கு இறங்கினார். அங்கே ஒரு படகு காத்திருந்தது. அதன் தண்ணீர்க் குழாய் இற்றுப்போய் இரண்டு நாளாகிறது. துணியைப் பிரித்துச் செம்புக் குழாயை வெளியே எடுத்தார், அளவு பார்த்து ஒரு முனையை அறுத்துப் பொருத்தினார், மூடினார். பக்கெட்டை எடுத்துக்கொண்டு இஞ்சின் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தார்.